பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லாதீர்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவர்களை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் என்று பிரிக்கவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வரும் பழக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. வகுப்பை விட்டு வெளியே போகும்போது லீடரைக் கூப்பிட்டு, "பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். திரும்பி வந்து அந்தப் பட்டியலை வாசித்து எழுந்து நிற்க வைக்கிறீர்கள், சிலர் முட்டி போடச் சொல்கிறீர்கள், இன்னும் சிலர் கையை நீட்டச் சொல்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதற்கெல்லாமா மடல் எழுதுவார்கள் என்று தோன்றலாம். நாம் எல்லோரும் அப்படித்தானே படித்து வந்தோம் என்றும் தோன்றும். ஆனால் ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்குள் நடக்கும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், அந்தப் பலகை ஓரத்துப் பட்டியல் அதே வேலைக்குக் குறுக்கே நிற்பது தெரியும். நான் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டு மாடியில் பாடம் சொல்லித் தருகிறேன், என் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பாடத்துக்கு நடுவே அவர்கள் பேசுவது காதில் விழாமல் இருக்காது.

என்னிடம் வருகிற நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன வருஷம் லீடர் ஆனாள். முதல் வாரம் முழுக்கப் பெருமை தாங்கவில்லை. பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே 'பேசியவர்கள்' என்று எழுதி அதற்கு அடிக்கோடு போட வேண்டும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழுந்தால் இரண்டாவது தடவை பேசியதாக அர்த்தம், மூன்று விழுந்தால் அடி நிச்சயம் என்று எனக்கு விளக்கினாள். கொஞ்ச நாளில் அவளுடைய பென்சில் டப்பாவில் ஒரு சென்ட் ரப்பர் வந்தது, அப்புறம் ஒரு ஸ்டிக்கர், அப்புறம் முனை உடையாத ஒரு புதுப் பென்சில். அவள் யாரிடமும் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். கொடுத்தவன் பெயர் கொஞ்சம் மெதுவாக எழுதப்பட்டது, சில சமயம் சார் வருவதற்கு முன்னால் அழிக்கப்பட்டது. பிறகு ஒருநாள் பின் வரிசைப் பையன்கள், "உன் ஃப்ரெண்டுன்னா எழுத மாட்டியா" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அவளும் தன் உயிர்த்தோழியின் பெயரை எழுதினாள், தோழி அடி வாங்கினாள், அன்றைக்கே காய் விட்டாள். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டைத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள், அது எவ்வளவு நாள் நீண்டது என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் காவல்காரர் வேலையையும் நீதிபதி வேலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம், இரண்டில் எதையும் எப்படிச் செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் முக்கியம்.

பேசினான் என்கிறோமே, என்ன பேசினான்? பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்டவன், கணக்கு புரியாதவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், ஒருவனுடைய நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தவன், மூன்று பேருமே அந்தப் பட்டியலில் ஒன்றுதான். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குக் குழந்தை மேம்பாடு படித்த எல்லோருக்கும், பிள்ளைகளின் மனசு வளர்வதை ஆராய்ந்த பியாஜேயின் கோப்பைக் கதை நினைவிருக்கும். ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான், கதவுக்குப் பின்னால் தட்டு வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது, 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாம் எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் பலர் 15 கோப்பையைக் காட்டுகிறார்கள், வளர வளர ஜாம் எடுக்கப் போனவனைக் காட்டுகிறார்கள். என்ன உடைந்தது என்பதிலிருந்து என்ன நினைத்துச் செய்தான் என்பதற்கு மனசு நகர்கிற வயது இது. அந்த நகர்வைப் படித்துத் தேர்வு எழுதி வேலைக்கு வந்த நீங்களே, வகுப்பில் பெருக்கல் குறிகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பலகையில் நோக்கத்தை எழுத இடம் கிடையாது.

தேர்வுக் கையேடுகளில் பெரும்பாலும் வராத இன்னொரு பகுதியும் பியாஜேயின் அதே ஆய்வில் உண்டு. 1932-ல் அது வெளிவந்தது. ஓர் அப்பா வெளியூர் போகும்போது மகனிடம், உன் தம்பி என்னென்ன செய்கிறான் என்று பார்த்து வைத்து எனக்குச் சொல் என்கிறார், தம்பியும் ஏதோ தப்புச் செய்துவிடுகிறான், இப்போது அண்ணன் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு, அப்பா கேட்டதால் சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். எட்டு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் சொல்லக் கூடாது என்றார்கள். கூடப் பிறந்தவனுக்கு, கூடப் படிக்கிறவனுக்கு நாம் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு, பெரியவர் கட்டளையையும் எதிர்த்து நிற்கும் அளவுக்கு அந்த வயதில் பலமாகிறது. சரியாக அந்த வயதுப் பிள்ளையின் கையில்தான் நாம் சாக்பீஸைக் கொடுத்து, கூட இருப்பவர்களை எழுது என்கிறோம்.

இதில் எனக்கு ரொம்பவே பயமாக இருக்கும் ஒன்று உண்டு. தன் மேல் யாராவது தப்பாகக் கை வைத்தால், யாராவது யாரையாவது தொடர்ந்து அடித்தால், சாதி சொல்லித் திட்டினால், பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்படுகிறோம். அதற்காகத்தான் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைத்தார்கள், அதற்காகத்தான் 1098, 14417 என்ற உதவி எண்களைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை தினமும் வகுப்பில் பார்ப்பது என்ன? ஆசிரியரிடம் சொல்வது என்றால் அடுத்தவனை மாட்டிவிடுவது. சொன்னவனுக்குக் கிடைக்கும் பெயர் போட்டுக் கொடுக்கிறவன், கோள்மூட்டி. அற்ப விஷயத்துக்கெல்லாம் சொல்லச் சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கான மரியாதையை நாமே கெடுத்து வைத்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பில், "மிஸ்கிட்ட சொன்னா எல்லாரும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க" என்று கற்றுக்கொண்ட பிள்ளை, எட்டாம் வகுப்பில் பெரிய கொடுமை ஒன்று நடக்கும்போது அந்தப் பெட்டியில் சீட்டு எழுதிப் போடுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதிப் பிள்ளையை, அதே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தன்னைத் தொல்லை செய்கிறார்கள் என்று அவன் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது அது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு எல்லாவற்றுக்கும் தடை கேட்டது. கரும்பலகையில் பெயர் எழுதியதால் அரிவாள் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் சாதியின் பாரத்தை வேறெங்கோ இறக்கி வைப்பதாகிவிடும். நான் சொல்வது வயதைப் பற்றி. கயிறு மணிக்கட்டில் ஏறுவது பதினான்கு வயதில் என்றால், 'நம்மாளு', 'அவங்க ஆளு' என்ற கணக்கு மனசில் ஏறுவது அதற்கு வெகு முன்னால்.

2008-ல் எர்ன்ஸ்ட் ஃபேர் என்ற பொருளியல் அறிஞரும் அவருடைய குழுவும் ஸ்விட்சர்லாந்துப் பிள்ளைகளிடம் இனிப்பைப் பங்கு போடச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று நாலு வயதில் பெரும்பாலும் தனக்கே தனக்கு. ஏழெட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சமமாக வரும்படி பிரித்தார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில், தன் வகுப்புப் பிள்ளை, தன் பள்ளிப் பிள்ளை என்றால் ஒரு கை, வெளிப் பிள்ளை என்றால் ஒரு கை என்ற பாகுபாடும் அதே வயதில் கூடவே வளர்ந்தது தெரிந்தது. நியாய உணர்வும் நம்மாளு உணர்வும் ஒரே நேரத்தில், ஒரே மனசில் முளைவிடுகின்றன. எதற்குத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு இருக்கிறது. ஒருவன் பேசியதற்கு வகுப்பு முழுவதையும் வெயிலில் நிற்க வைத்தால் அவன்மேல் முப்பது பேருக்குக் கோபம் வரும், அவன் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கோபம் எந்த வார்த்தையாக வெளியே வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளைத் தனியாக விட்டால் அடித்துக்கொள்வார்கள் என்பீர்கள். அடித்துக்கொள்வார்கள்தான். ஆனால் அவர்களே சட்டம் போட்டுக்கொள்வதையும் கொஞ்சம் நின்று பாருங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் கல்லா மண்ணா நடக்கும். அதில் ஆடுகிற ஒரு பெண் தன் குட்டித் தம்பியையும் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும், அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அவனை ஆட்டத்தில் சேர்த்தால் நிமிஷத்தில் அவுட் ஆகி அழுவான், சேர்க்காவிட்டால் அக்காவும் போய்விடுவாள். அதற்காக நம் பிள்ளைகளிடம் காலம் காலமாக இருக்கிற ஏற்பாடுதான் உப்புக்குச் சப்பாணி: ஆட்டத்தில் இருப்பான், ஓடுவான், தொட்டாலும் அவுட் கிடையாது. எவ்வளவு பெரிய யோசனை அது! சின்னவனையும் விடவில்லை, ஆட்டத்தின் விதியையும் கெடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தக் குட்டிப்பையன் தானும் நிஜ ஆட்டக்காரன் என்று அடம்பிடிக்க, ஆட்டம் நின்று ஒரே வாக்குவாதம். "அப்போ அவனும் அவுட் ஆகணும்", "அவன் சின்னப் பையன்டா", "இது போங்கு ஆட்டம்". கடைசியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அவனை மூன்று தடவை தொட்டால் ஒரு தடவை கணக்கு என்றான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆட்டம் மறுபடி தொடங்கியது. பெரியவர் யாரும் வாய் திறக்கவில்லை.

ஜெனீவாவிலும் நூஷாட்டெலிலும் கோலி விளையாடும் பையன்களிடம், எனக்கும் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடு என்று கேட்டுப் பழகி பியாஜே கண்டதும் இதைத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்தது, அதைத் தொடவே முடியாது. பத்து வயதை ஒட்டி, எல்லோரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம், ஒத்துக்கொண்ட பிறகு அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற புரிதல் வருகிறது. அது சம வயதுக்காரர்களோடு ஆடியும் முட்டி மோதியும்தான் வருகிறது, மேலே இருந்து கட்டளையிட்டு வரவைக்க முடியாது என்பதுதான் அவருடைய வாதம். அவர் சொன்ன வயதுக் கணக்குகளைப் பின்னால் வந்தவர்கள் பலர் திருத்தியிருக்கிறார்கள். இந்த வாதம் எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. அதனால்தான் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஓட்டமும் உடம்பும் ஒருபக்கம் இருக்கட்டும், வாரத்தில் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் நியாயம் பேசிப் பழகக் கிடைக்கிற நேரமே அதுதான்.

பின்னால் வந்தவர்களில் எலியட் டூரியல் என்ற உளவியல் அறிஞரைச் சொல்லியாக வேண்டும். அவரும் அவர் வழியில் வந்தவர்களும் சின்னப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தார்கள்: ஆசிரியர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் இதைச் செய்யலாமா? உடை, வரிசை, கூப்பிடும் முறை மாதிரியான விஷயங்களுக்குப் பிள்ளைகள், ஆசிரியர் விட்டால் செய்யலாம் என்றார்கள். அடிப்பதற்கு மட்டும், ஆசிரியரே சொன்னாலும் தப்புதான் என்றார்கள். என் மாடிப் பிள்ளைகளிடம் நானும் கேட்டேன். மிஸ் சொன்னா ரிப்பன் கட்டாமல் வரலாம், மிஸ் சொன்னாலும் அடுத்தவங்க டிபன் பாக்ஸை எடுக்கக் கூடாது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் சொல்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிகிற வித்தியாசத்தை, ரிப்பன் கட்டாததற்கும் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியதற்கும் ஒரே குரலில் கத்தி, ஒரே தண்டனை கொடுத்து நாம் மழுங்க அடிக்கிறோம். கிள்ளியவனிடம், "சாரி சொல்லு" என்று உடனே கேட்டு வாங்குவதும் அப்படித்தான். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டுப் போவான், கிள்ளு வாங்கியவளுக்கு எங்கே வலித்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "என்ன நினைச்சுச் செஞ்ச? அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? இப்போ என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே ஆசிரியர் போதும் என்றுதான் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அப்படியென்றால் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் எமிஸ் என்கிற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு செய்ய உட்கார்ந்துவிட்டால், அல்லது கூட்டத்துக்குப் போய்விட்டால், அத்தனை பிள்ளைகளையும் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில் வகுப்பு அமைதியாக இருக்க ஒரு வழி வேண்டுமே என்று பெயர் எழுதச் சொல்கிறீர்கள், அது புரிகிறது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்புங்கள், பதிவு வேலையைக் குறையுங்கள் என்று கல்வித் துறையிடம் கேட்பதில் பெற்றோர்களாகிய நாங்களும் உங்களோடு நிற்க வேண்டும், நிற்போம். ஆனால் ஆள் பற்றாக்குறையின் சுமையை ஒன்பது வயதுப் பிள்ளையின் நட்பின் மேல் ஏற்றாதீர்கள் என்று கேட்கவும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. அதே 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. எல்லோரும் பார்க்கப் பெயரை எழுதி நிற்க வைப்பது மன உளைச்சலில்தான் சேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

லீடர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேவு பார்க்கிற வேலையைத் தராதீர்கள் என்கிறேன். நோட்டுகளை எடுத்து வைக்க, வராதவன் வீட்டில் என்ன ஆச்சு என்று விசாரிக்க, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டும், அந்தப் பொறுப்பு வாராவாரம் எல்லோருக்கும் மாறி மாறி வரட்டும், மதிப்பெண் எடுப்பவர்களுக்கு மட்டும் வேண்டாம். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வேறு வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்தது உங்களில் பலருக்கு நேரடி அனுபவம். அந்தச் சத்தம் நல்ல சத்தம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் எவ்வளவு சத்தம் போடலாம், யாராவது மீறினால் என்ன செய்வது என்பதை ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்த வகுப்பையே உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யச் சொல்லுங்கள். முதலில் அபத்தமாக ஏதாவது சொல்வார்கள், இரண்டு அடி போடலாம் என்றுகூடச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் பார்த்தது அதுதான். அதையும் அவர்களே பேசித் திருத்தட்டும், மாதம் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. வீட்டில் பெரியவளிடம், "நான் இல்லாதப்போ தம்பி என்ன பண்ணுறான்னு பாத்து வெச்சு சொல்லு" என்று சொல்வதை நாமும் விட வேண்டும்.

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். கட்டடம், குடிநீர், கழிப்பறை பேசுகிற அந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வையுங்கள் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து பேசத்தான் போகிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு நாலாம் வகுப்பிலிருந்தும் ஐந்தாம் வகுப்பிலிருந்தும் நாலைந்து பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், லீடராக இருந்தவர்களையும் பட்டியலில் பெயர் வந்தவர்களையும் கலந்தே கூப்பிடுங்கள், முதலில் அவர்கள் பேசட்டும்.

அன்புடன்,
மாலையில் பாடம் சொல்லித்தரும் ஒரு தாய்